திருப்பிப் போட்ட சாக்கு

வக்கீல் திம்மராயப்பன் தட்டிக்கொடுத்த என் தோள் நாலு வருஷம் எரிந்தது. அடித்திருந்தால் ஆறியிருக்கும். அவர் தட்டிக்கொடுத்தார். போலீஸ்காரர்கள் முன்னால், "உண்மை பேசற பையன்" என்று சொல்லித் தட்டிக்கொடுத்தார். அந்த உண்மையை வைத்துத்தான் என் அண்ணன் ராமப்பனை ஜெயிலுக்கு அனுப்பினார்.

அது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில். மத்தூர் ரோட்டில் வெங்கடப்பன் என்பவருக்கு ஒரு கடலை மில் இருந்தது. கடலையை உடைத்துப் பருப்பாக்கி மூட்டை கட்டி அனுப்புகிற மில். அண்ணனுக்கும் எனக்கும் அங்கே மூட்டை தைக்கிற வேலை. வெங்கடப்பன், நஞ்சப்பன் என்கிற வட்டிக்காரரிடம் புரோநோட்டு எழுதிக்கொடுத்துக் கடன் வாங்கியிருந்தார். கட்ட முடியவில்லை. நஞ்சப்பன் கேஸ் போட்டார். கேஸ் முடிகிற வரைக்கும் மில்லை இரண்டு பேர் கையிலும் விடக்கூடாது என்று கோர்ட்டு ஒரு பொது ஆளை வைத்தது. அவருக்கு ரிசீவர் என்று பெயர். சாவி அவரிடம், சரக்கு அவர் பொறுப்பு. அந்த ரிசீவர்தான் திம்மராயப்பன்.

ஓசூரிலிருந்து ஊத்தங்கரை வரை எந்த வியாபார வழக்கு என்றாலும் முதலில் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். தமிழில் ஆரம்பித்து, கட்சிக்காரனிடம் கன்னடத்தில் ஒரு வார்த்தை, சாட்சியிடம் தெலுங்கில் ஒரு வார்த்தை, ஜட்ஜிடம் இங்கிலீஷ் என்று முடிப்பார். பெரிய நேர்மைக்காரர் என்று பெயர். அந்த வட்டிக்கார நஞ்சப்பன் அவருடைய மச்சினன் என்பதும், நஞ்சப்பன் கொடுத்த பணமெல்லாம் திம்மராயப்பனுடைய பணம் என்பதும் எனக்கு ரொம்பக் காலம் கழித்துத்தான் தெரிந்தது. கடன் கொடுப்பது அவரே. வேறொரு வக்கீலை வைத்துக் கேஸ் போடச் சொல்வதும் அவரே. பிறகு பொது ஆளாக வந்து மில் சாவியை வாங்கிக்கொள்வதும் அவரே.

அவர் என் அண்ணனைக் காவலுக்கு வைத்து, கோடவுன் சாவி ஒன்றை அவனிடம் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து எண்ணிப் பார்த்தபோது இருநூற்றுப் பதினோரு மூட்டை குறைந்தது. போலீஸ் வந்தது. என்னைக் கூப்பிட்டார்கள்.

"கோடவுன் சாவி யார்கிட்ட இருந்துச்சு?" என்று வக்கீல் கேட்டார்.

"எங்கண்ணங்கிட்டங்க."

அவ்வளவுதான் கேட்டார். வக்கீல் வீட்டில் இன்னொரு சாவி இருந்தது. அது எனக்குத் தெரியும். அதை யாரும் கேட்கவில்லை. கேட்காததையும் சொல்லலாம் என்று எனக்குத் தெரியாது. என் தோளில் தட்டிவிட்டு, கோர்ட்டிலும் அதையே சொன்னார்: "இவன் பொய் சொல்லத் தெரியாதவன். சொந்த அண்ணனுக்கு எதிராவே சொல்றான் பாருங்க." அண்ணனுக்கு எட்டு மாதம் போட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணி மாதம்மாள் அடுப்பு முன்னால் உட்கார்ந்துகொண்டு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "கோர்ட்டுல பட்டம் குடுத்தாங்களாமே கொழுந்தனாரே, உண்மை பேசறவன்னு. அதக் கொண்டாந்து ஒலையில போடு. புள்ளைங்க பசியா இருக்குதுங்க."

ஜெயிலிலிருந்து வந்த அண்ணனுக்கு எந்த மில்காரனும் கோணி ஊசியைத் தரவில்லை. "திருட்டுப் பய, கோடவுன் பக்கம் விடாதே" என்றார்கள். அவன் பாகலூர் பக்கம் கல் உடைக்கப் போய்விட்டான். நான் போனால் பேசமாட்டான். முதுகைக் காட்டிக்கொண்டு உடைத்துக்கொண்டிருப்பான். நான் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ்ஸுக்கு நடப்பேன்.

அண்ணனைப் போல மூட்டை தைக்கிறவன் அந்தப் பக்கத்தில் இல்லை. அவன் பீச்சாங்கைக்காரன். நாங்களெல்லாம் மூட்டை வாயின் வலது மூலைக் காதில் ஆரம்பித்து இடது மூலைக் காதில் முடித்தால், அவன் இடது காதில் ஆரம்பித்து வலதில் முடிப்பான். தையல் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். கிழிந்த சாக்குக்கு ஒட்டுப் போட்டால் சணலின் வாலைக் கத்தரிக்க மாட்டான். மூன்று குத்துக்குப் பின்னால் கொண்டுபோய் இரட்டை முடிச்சாகப் போட்டு உள்பக்கம் ஒளித்துவிடுவான். "முடிச்சு வெளிய தெரிஞ்சா எலி இழுக்கும்டா முனிவேலு" என்பான். எனக்கு அந்த முடிச்சு வராது. சொல்லிக்கொடுத்தும் வரவில்லை.

வக்கீலைக் கொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை என்று எழுதலாம். அது பொய். இரண்டு தடவை தோன்றியது. கோணி ஊசி அரைச் சாண் நீளம், போதும். ஆனால் கொன்றால் அவர் நல்லவராகவே செத்துப்போவார். கடையெல்லாம் அடைப்பார்கள், மாலை போடுவார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

அதனால் கிருஷ்ணகிரிச் சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டு, வேலையில்லாத நாளில் கோர்ட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். வக்கீலின் குமாஸ்தா யேசுராஜ் அங்கேதான் டீ குடிப்பார். வாய் நிற்காத மனுஷன், சூது தெரியாதவர். ஐம்பத்து ஏழாம் வருஷம், புது நயா பைசா வந்து எல்லோரும் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த சமயம், ஒருநாள் சொன்னார்: "ஊத்தங்கரை ரோட்டுல சரோஜம்மா மில்லு இருக்குதில்ல, அதுக்கும் எங்கய்யாதான் ரிசீவரா வரப்போறாரு. நஞ்சப்பன் கேஸு போட்டுட்டாரு. இன்னம் ரெண்டு வாரத்துல பூட்டிடுவாங்க."

நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

சரோஜம்மாள் புருஷன் போன பிறகு தனியாக மில்லை நடத்திவந்த அம்மாள். வெற்றிலை மென்றுகொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏம்ப்பா, மில்லயே பூட்டப்போறாங்க. இப்ப வந்து வேலை கேக்கற?"

"கூலி வேணாங்கம்மா. பூட்டறதுக்குள்ள இங்க இருக்கற பருப்பு மூட்டை அத்தனையும் பிரிச்சு நானே திரும்பத் தெக்கணும்."

"ஐநூறு மூட்டை இருக்குதுடா."

"எண்ணிட்டுத்தாங்க வந்தேன்."

"கூலி வேணாம்னு ஒருத்தன் வந்தா திருடத்தான் வந்திருக்கான்னு எங்க வூட்டுக்காரரு சொல்லுவாரு. அவரு போயிட்டாரு, நான் இருக்கறேன். என்னா விசயம், சொல்லு."

எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணனை, சாவியை, தோளில் தட்டியதை. அந்த அம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே போய் ஒரு சணல் உருண்டையைக் கொண்டுவந்து என் மேல் எறிந்தார்.

"சோறு போடறேன். சணலு என்னுது. தெய்யி."

பதினோரு நாள் தைத்தேன். மூட்டைக்குப் பதினாலு குத்து, வலது காதில் தொடக்கம், இடது காதில் என் முடிச்சு. ஒவ்வொரு மூட்டையிலும் பருப்பு நல்ல பருப்புதானா என்று கைவிட்டுப் பார்த்தேன். நல்ல பருப்பு. கடைசி இரண்டு நாள் ஊசி பிடிக்க முடியாமல் விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டேன்.

பூட்டி அரக்கு முத்திரை வைக்கிற அன்றைக்குத் திம்மராயப்பன் வந்தார். கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை. கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். "தள்ளி நில்லுப்பா" என்றார். அவருக்கு என்னைத் தெரியவில்லை. எனக்கு அது நல்லதுதான். ஆனாலும் அதையும் மனசில் வைத்துக்கொண்டேன்.

ஐந்து மாதம் ஆனது. சரக்கு கெடுவதற்குள் ஏலம் போடச் சொல்லி உத்தரவு வந்தது. மூட்டைகளைப் பிரித்தால் பாதிக்கு மேல் பொக்குக் கடலையும் தொலியும். மூட்டை எண்ணிக்கை மட்டும் சரியாக இருந்தது. முதல் மில்லில் மூட்டை குறைந்து போலீஸ் வரை போனதால் இந்தத் தடவை எண்ணிக்கையைக் குறைக்கவில்லை, உள்ளே இருப்பதை மாற்றிவிட்டார். கோர்ட்டில் எழுந்து, "இந்த அம்மா ஆரம்பத்துலயே குப்பையைக் காட்டிக் கடன் வாங்கி மோசம் செஞ்சிருக்காங்க. கிரிமினல் கேஸ் போட அனுமதி வேணும்" என்றார். என் அண்ணனை அனுப்பிய அதே வழியில் சரோஜம்மாளையும் அனுப்பப் பார்த்தார்.

அந்த அம்மாளுக்குத் தர்மபுரியிலிருந்து ராயப்பன் என்று ஒரு சின்ன வயசு வக்கீல் வந்திருந்தார். ரிசீவரை நீக்க வேண்டும் என்று மனுப் போட்டார். நான்தான் சாட்சி. திம்மராயப்பன் வேறு வக்கீல் வைக்கவில்லை. தன் கேஸைத் தானே பேசினார். அவ்வளவு தெம்பு.

கோர்ட்டில் சாட்சிப் பொருளாக இருபது மூட்டையைக் கொண்டுவந்து அடுக்கியிருந்தார்கள். ராயப்பன் கேட்டதற்குச் சொன்னேன்: "பூட்டறப்ப எல்லாம் என் தையலுங்க. இப்ப இதுல பன்னண்டுல வேற கை பட்டிருக்குதுங்க. பிரிச்சுத் திரும்பத் தெச்சிருக்காங்க."

திம்மராயப்பன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

"எழுதப் படிக்கத் தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க."

"கையெழுத்து?"

"கைநாட்டுங்க."

"ஓ. எழுத்துப் படிக்கத் தெரியாது, தையலை மட்டும் படிச்சிடுவே?"

கோர்ட்டே சிரித்தது. பெயர் கூப்பிடுகிற டவாலி கூடச் சிரித்தான்.

"நான் படிக்கலீங்க. தெச்சேன்."

ஜட்ஜு பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திம்மராயப்பனுக்கு அது பிடிக்கவில்லை. அவர் குரல் ஏறியது. "சரி, ஒரு பரீட்சை வச்சிடலாம். பத்து மூட்டை. அஞ்சு இங்க இவன் தன் தையல்னு சொல்றது, அஞ்சு வெளி மூட்டை. கண்ணைக் கட்டிவிடலாம். கையால தடவிச் சொல்லட்டும். ஒண்ணு தப்பினாலும் இவன் சாட்சியைத் தூக்கிக் குப்பையில போட்டுடணும்."

"வெளி மூட்டைன்னா எங்கிருந்து?" என்றார் ராயப்பன்.

"சாக்குக்கா பஞ்சம்? எங்க வீட்டுலயே பருத்திக்கொட்டை மூட்டை கெடக்குது. யேசுராஜ், ஹோகு, பேக பா!" என்று, போய்ச் சீக்கிரம் வரச் சொல்லி, குமாஸ்தாவைக் கன்னடத்தில் விரட்டினார். ஜட்ஜு சரி என்றார்.

இதை நான் திட்டம் போடவில்லை. என் தையலை மட்டும்தான் நம்பி வந்தேன். அவருக்குச் சாக்கு என்றால் சாக்கு. அதைத் தூக்கினவனும் தைத்தவனும் யார் என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. தள்ளி நில்லுப்பா என்றவர்தானே.

மாட்டு வண்டியில் ஐந்து மூட்டை வந்தது. என் துண்டால் கண்ணைக் கட்டினால் ஏமாற்றுவேன் என்று அவருடைய கைக்குட்டையையே கொடுத்தார். வாசனை எண்ணெய் மணம் அதில். என்னைத் திருப்பி நிற்கவைத்து மூட்டைகளைக் கலந்து வைத்தார்கள்.

முதல் மூட்டையின் வாயைத் தடவினேன். "என்னுது." அடுத்தது. "என்னுது இல்லீங்க, குத்து அகல அகலமா விட்டுத் தெச்சிருக்கான்." மூன்று, நாலு, ஐந்து. யாரோ ஒவ்வொன்றுக்கும் எழுதிக்கொண்டார்கள். பேனா முள் கீறுகிற சத்தம் கேட்டது. ஆறு சரி. சிரிப்புச் சத்தம் நின்றிருந்தது.

ஏழாவது மூட்டையின் வாய் கடைக்காரன் தைத்த தையல். "வெளி மூட்டைங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். நகரும்போது கை கீழே இறங்கி விலாப்பக்கத்தில் ஓர் ஒட்டின் மேல் பட்டது.

கை நின்றுவிட்டது.

தையல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. விரலை வைத்துக் கடைசிக் குத்தைத் தேடினேன். அங்கே வால் இல்லை. மூன்று குத்துக்குப் பின்னால் போனேன். இரட்டை முடிச்சு. என் விரலுக்கடியில் கடுகு மாதிரி நின்றது. ஆனால் வெளியே இருந்தது. என் அண்ணன் முடிச்சை வெளியே போடுகிறவன் இல்லை.

"என்னப்பா, ஏழுலயே மாட்டிக்கிட்டியா?" என்றார் திம்மராயப்பன், சந்தோஷமாக.

"சாமி, இந்தச் சாக்கு உள்பக்கம் வெளியா திருப்பிப் போட்டிருக்குதுங்க" என்றேன் ஜட்ஜு இருந்த திசையில். "பழைய சாக்கோட மார்க்கு தெரியக்கூடாதுன்னா அப்பிடித்தாங்க திருப்புவாங்க. இதத் திருப்பிப் பாக்கணுங்க."

திம்மராயப்பன் இங்கிலீஷில் படபடவென்று பேசினார். ஜட்ஜு ஒரே வார்த்தை சொன்னார். யாரோ வாயைப் பிரித்தார்கள், பருத்திக்கொட்டை தரையில் சரசரவென்று கொட்டியது. சாக்கை உதறித் திருப்புகிற சத்தம். கைக்குட்டையை நானே அவிழ்த்தேன்.

நீல மையில் வட்டம். வட்டத்துக்குள்ளே சூலம், அடியில் மூட்டை நம்பர். மங்கியிருந்தது, ஆனால் சூலம் சூலம்தான்.

"வெங்கடப்பன் மில்லு மார்க்குங்க இது" என்றேன். "அம்பத்து மூணுல எங்கண்ணன் ராமப்பன் திருடிட்டான்னு சொல்லி ஜெயிலுக்கு அனுப்புனாங்களே, அந்தச் சாக்கு. இந்த ஒட்டு அவன் போட்டதுங்க. பீச்சாங்கைத் தையலு."

அப்போதுதான் திம்மராயப்பனுக்கு என்னைத் தெரிந்தது. முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. "யுவர் ஆனர், இவன் அந்தத் திருடனோட தம்பி! பழி வாங்க வந்திருக்கான்!"

"பழி வாங்கத்தாங்க வந்தேன்" என்றேன். "பொய் சொல்ல வரலீங்க."

"சந்தையில வாங்கின சாக்கா இருக்கும், யுவர் ஆனர். ஒரு பழைய சாக்கு யார் கையிலயும் வரலாம்."

ஜட்ஜு குமாஸ்தாவைப் பார்த்தார். "நீதானே கொண்டுவந்தே? எங்க இருந்துச்சு?"

யேசுராஜ் வக்கீலைப் பார்த்தார், தரையில் கிடந்த பருத்திக்கொட்டையைப் பார்த்தார். அவருக்கு எது கேட்டாலும் முழுசாகச் சொல்லித்தான் பழக்கம். "மாட்டுக் கொட்டாய்லங்க. இதே மாதிரி திருப்பிப் போட்டது பரண்மேல இன்னம் நாப்பது அம்பது இருக்குதுங்க. கோர்ட்டுக்குப் போறது நல்ல சாக்கா இருக்கட்டுமேன்னு மேல இருந்து எடுத்தேங்க."

அன்றைக்கே கோர்ட்டு ஆள் போய் வக்கீல் வீட்டு மாட்டுக் கொட்டாய்க்குப் பூட்டுப் போட்டு அரக்கு முத்திரை வைத்தான். நானும் கூடப் போனேன். யாரும் கூப்பிடவில்லை, போனேன். அரக்கு உருகிச் சொட்டுவதைக் கிட்ட நின்று பார்த்தேன். மறுநாள் பரணில் நாற்பத்தாறு சூலச் சாக்கு எண்ணினார்கள். பழைய கேஸ் கட்டைத் தூசி தட்டி எடுத்து, காணாமல் போன மூட்டைகளின் நம்பரோடு ஒத்துப் பார்த்தார்கள். ஒத்துப்போனது. நஞ்சப்பனைக் கூப்பிட்டு மிரட்டியதும் பணம் யாருடையது என்பதைக் கக்கிவிட்டார். சரோஜம்மாள் மேல் கேஸ் நிற்கவில்லை.

ரிசீவர் பதவியிலிருந்து நீக்கின உத்தரவைப் படித்த அன்று, திம்மராயப்பன் கோர்ட்டு வராந்தாவில் தனியாக நின்றிருந்தார். எப்போதும் அவரைச் சுற்றி நிற்கிற கட்சிக்காரர்கள் எல்லோரும் தூணுக்குத் தூண் ஒதுங்கியிருந்தார்கள். நான் நேராகப் போனேன். கிட்டத்தில் அவர் என்னைவிடக் குள்ளமாக இருந்தார். இத்தனை நாள் அது தெரியவில்லை.

"நமஸ்காரங்க" என்றேன். "உண்மை பேசற பையன் வந்திருக்கேனுங்க."

தோளில் தட்டிக்கொடுத்தேன். கறுப்புக் கோட்டின் மேல், எல்லோரும் பார்க்க, மெதுவாக, மூன்று தடவை. என் உள்ளங்கையில் சணல் அறுத்த காய்ப்பு அந்தத் துணியில் உராய்ந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.

பிறகு அவருக்கு இரண்டு வருஷம் போட்டார்கள். வக்கீல் சன்னதையும் பிடுங்கிக்கொண்டார்கள். அண்ணன் மேல் இருந்த தீர்ப்பு ரத்தாக மேலும் ஒரு வருஷம் ஆனது. அதற்குள் நான் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றுக்கொண்டேன். அந்த ரத்து உத்தரவுக் காகிதத்தை இன்னொருத்தன் படித்துச் சொல்லி என் அண்ணன் கேட்கக்கூடாது. இங்கிலீஷில் வந்ததை வக்கீல் ராயப்பன் தமிழில் எழுதிக்கொடுத்தார்.

பாகலூர் போனேன். அண்ணன் எப்போதும் போல முதுகைக் காட்டிக்கொண்டு கல் உடைத்துக்கொண்டிருந்தான். நான் பின்னால் நின்று படித்தேன். சூலச் சாக்கு, அதில் இருந்த பீச்சாங்கை ஒட்டு, எல்லாம் அதில் எழுதியிருந்தது. "குற்றமற்றவர்" என்கிற இடத்தில் எனக்குத் தடுக்கியது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். சுத்தியல் நின்றது.

ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக என்னிடம் பேசினான்.

"முடிச்சு அவுந்திருந்துச்சா?"

"இல்லண்ணா. பருத்திக்கொட்டை, மாட்டு மூத்திரம், எல்லாம் பட்டும் அவுறல."

"அவுறாது" என்றான். கையில் ஒட்டியிருந்த கல் தூளைத் துடைத்தான். "அந்தச் சாக்கு எங்க?"

"கோர்ட்டுல வச்சிக்கிட்டாங்க. நம்பர் எழுதின சீட்டு ஒண்ணக் கட்டி வச்சிருக்காங்க."

தலையாட்டினான். பக்கத்தில் இருந்த கல்லைக் காலால் தள்ளி எனக்கு இடம் விட்டான். உட்கார்ந்தேன்.

"எனக்கு எட்டு மாசம்" என்றான். "அவனுக்கு எத்தினி?"

"ரெண்டு வருசம்ணா."

அண்ணன் சுத்தியலை எடுத்துக் கையில் சுழற்றி, அதன் எடையைப் பார்ப்பவன் மாதிரி கொஞ்ச நேரம் பிடித்திருந்தான்.

"பத்தாது" என்றான்.

எனக்கும் அப்படித்தான் இருந்தது.